குதிகால் கோடு

அந்தக் கால்பந்துக் கிளப்பின் ஆண்கள் அணி மூன்றாம் பிரிவில் முக்கி முனகிக்கொண்டிருந்தது. பெண்கள் அணி முதல் பிரிவில் ஆடியது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஏனென்றால் கிளப்புக்குள் நுழைகிற யாருக்கும் அது தெரிய வழியில்லை. வாசலில் ஆள் உயரத்துக்கு மாட்டியிருந்த படத்தில் ஆண்கள்தான் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். பெண்கள் அணியின் படம் கழிப்பறைக்குப் போகும் வழியில் இருந்தது. அதிலும் பாதிப் பேரைத் தீயணைப்புக் கருவி மறைத்திருந்தது.

முதல் பிரிவுக்கு ஏறியதும்தான் வம்பு ஆரம்பித்தது. அந்தப் பிரிவில் ஆடுகிற அணி, பார்வையாளர் மாடம் உள்ள மைதானத்தில்தான் ஆட வேண்டும் என்பது லீக்கின் விதி. அதுவரை பெண்கள் ஆடிய இடம் பின்பக்கத்துப் பொட்டல். அங்கே பந்தைவிடக் கல்தான் அதிகம் துள்ளும். வேறு வழியில்லாமல் நிர்வாகம் பெரிய மைதானத்தைத் திறந்துவிட்டது. வேண்டா வெறுப்பாகப் பிள்ளையைப் பெற்றுக் காண்டாமிருகம் என்று பேர் வைத்தானாம் ஒருவன். கிளப்பின் செயலாளரும் அப்படித்தான் ஒரு பேர் வைத்தார். முதல் கூட்டத்திலேயே, "நீங்க எங்க விருந்தாளிங்க" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். அதற்கப்புறம் அவர் வாயில் அவர்கள் 'விருந்தாளி டீம்' ஆனார்கள்.

அந்த அணியின் கோல்கீப்பரை எல்லோரும் தாழ்ப்பாள் என்று கூப்பிடுவார்கள். பந்து உள்ளே போகாமல் அடைத்து நிற்பவள் என்பதால் வந்த பேர். வீட்டில் அண்ணியும் அப்படித்தான் கூப்பிடுவாள். பகலில் அவளுக்குக் கண்ணாடிக் கடையில் வேலை. வருகிறவரை நேராக உட்கார வைத்து, வெறும் பிரேமை மாட்டிவிட்டு, கண்ணின் பாவைக்கு நேரே ஒரு புள்ளி வைப்பாள். அந்தப் புள்ளியை நடுவாக வைத்துத்தான் லென்ஸை வெட்டித் தேய்க்க வேண்டும். புள்ளி ஒரு நூல் தள்ளினாலும் போட்டுக்கொள்கிறவருக்குத் தலைவலிதான். நடு எது என்று தெரியாமல் எந்த வேலையையும் தொடங்கக் கூடாது என்பது அவள் கையில் ஊறிப்போன பழக்கம்.

ஆட்டத்திலும் அதே பழக்கம். விசில் ஊதுவதற்கு முன்னால் கோலின் நட்டநடுவில் நிற்பாள். குதிகாலைப் புல்லில் அழுத்தி, கோலுக்கு முன்னால் வரைந்திருக்கும் சின்னப் பெட்டியின் விளிம்பு வரை நேராக ஒரு கோடு இழுப்பாள். கோல்கீப்பருக்கு முதுகில் கண் கிடையாது. பந்தைப் பார்த்துக்கொண்டே முன்னும் பின்னும் நகரும்போது, கம்பங்கள் தனக்குப் பின்னால் எங்கே இருக்கின்றன என்று திரும்பிப் பார்க்க நேரமும் கிடையாது. குனிந்து காலடியில் கோட்டைப் பார்த்தால் போதும். சட்டப்படி பார்த்தால் இதற்கு நடுவர் மஞ்சள் அட்டை காட்டலாம். யாரும் காட்டுவதில்லை. கோல்கீப்பர்கள் எல்லோரும் போடுகிற கோடு, எல்லா நடுவர்களும் கண்டும் காணாமல் விடுகிற கோடு.

சீசனின் முதல் ஆட்டம். இடைவேளையில் அவர்கள் உடை மாற்றும் அறைக்குள் செயலாளர் வந்தார். அறை என்றால் சுண்ணாம்பு மூட்டைகளும் துடைப்பங்களும் அடுக்கி வைக்கிற அறை. ஒரு மூட்டையின் மேல் உட்கார்ந்து தாழ்ப்பாள் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள்.

"அந்தக் கோட்டப் போட்டது யாரும்மா?"

"நான்தான் சார்."

"புல்லு பாழாப் போகுது. இனிமே வேணாம்."

"கோல்கீப்பர் எல்லாரும் போடுறதுதான் சார். அது இல்லன்னா எங்க நிக்கறேன்னு எனக்கே தெரியாது."

"விருந்தாளியாப் போன வீட்டுல சுவத்துல கிறுக்குவியா? அந்த மாதிரி நெனச்சுக்க. இன்னொரு தடவ கோடு விழுந்துச்சுன்னா மைதானத்தப் பத்தி நாங்க யோசிக்க வேண்டி வரும்."

அவர் போனதும் பயிற்சியாளர் பக்கத்தில் வந்தார். பயிற்சியாளரை அவர்கள் கோச்சக்கா என்பார்கள். ஒரு காலத்தில் நன்றாக ஆடியவர், இப்போது நன்றாகப் பொறுத்துக்கொள்கிறவர். அவர் தாழ்ப்பாளின் தோளில் கை வைத்தார்.

"பல்லக் கடிச்சுட்டு இருடி. மைதானம் இல்லன்னா லீக்லேர்ந்தே தூக்கிருவாங்க. ஒரு கோட்டுக்காக இத்தன பேரு வீட்டுக்குப் போகணுமா?"

தாழ்ப்பாள் பல்லைக் கடித்துக்கொண்டாள்.

கோடு போனதும் கோலும் போக ஆரம்பித்தது. நடுவில் நிற்பதாக நினைத்துக்கொண்டு ஒரு அடி தள்ளி நிற்பாள். விட்ட பக்கத்தில் பந்து புகுந்துவிடும். சந்தேகம் வந்தால் ஓடிப்போய்க் கம்பத்தைத் தொட்டுவிட்டு வருவாள். அப்படித் தொடப்போன நேரத்தில் எதிரணியில் ஒருத்தி தூரத்திலிருந்து தூக்கி அடித்தாள். பந்து ஆளில்லாத கோலுக்குள் மெதுவாக உருண்டு போனது. மாடத்தில் சிரித்தார்கள். "தாழ்ப்பாள் துருப்பிடிச்சுப் போச்சு" என்று ஒருவன் கத்தினான். அவன் மேல் அவளுக்குக் கோபம் இல்லை. அவன் பணம் கொடுத்து உள்ளே வந்தவன், ஆட்டத்தையாவது பார்த்தான். செயலாளர் அதுகூடப் பார்த்ததில்லை. அவர் இடைவேளையில் வருவார், புல்லைப் பார்ப்பார், போய்விடுவார்.

சறுக்கிப் பந்தைப் பறிக்காதீர்கள் என்றார் அடுத்து. ஆட்டத்துக்கு முன்னால் புல்லில் ஓடிப் பழகாதீர்கள், வண்டி நிறுத்தும் இடத்தில் ஓடுங்கள் என்றார். அவர்களும் கார்களுக்கு நடுவே ஓடினார்கள். புல்லை மிதிக்காமல் கால்பந்து ஆடச் சொல்லவில்லை, அதுவரை பெரிய மனசு. அணி பட்டியலில் இறங்கிக்கொண்டே வந்தது.

ஒரு நாள் மறந்துவிட்டுப் போன கையுறையை எடுக்க, கடை வேலை முடிந்து நேரே மைதானத்துக்குப் போனாள். ஆண்கள் அணி பயிற்சி செய்துகொண்டிருந்தது. அவர்களுடைய கோல்கீப்பர் நல்ல பையன், சூதுவாது தெரியாதவன். அவளைப் பார்த்ததும் கையசைத்தான். அவன் காலடியில் ஒரு கோடு கிடந்தது. கோடா அது, வாய்க்கால். தண்ணீர் விட்டால் பாயும். நாளுக்கு நாள் அதே இடத்தில் இழுத்து இழுத்து ஆழமாகியிருந்தது.

"இத யாரும் ஒண்ணும் சொல்றதில்லையா?" என்று கேட்டாள்.

"எதக்கா?"

"இந்தக் கோட்ட."

அவனுக்குக் கேள்வியே புரியவில்லை. "கோடு இல்லாம எப்படிக்கா நிக்கறது?" என்றான்.

பெண்கள் ஆடுகிற நாளில் அந்த வாய்க்காலில் மண்ணைக் கொட்டிப் புல் கட்டியை வைத்து மூடிவிடுவார்கள் என்பது அவன் சொல்லித்தான் தெரிந்தது. ஆட்டம் முடிந்ததும் பெயர்த்துவிடுவார்கள். அவளிடமிருந்து காப்பாற்றிய புல் எங்கேயும் வளரவில்லை. காப்பாற்றுவதற்குப் புல்லே இல்லை. கையுறையை எடுக்காமலே செயலாளரின் அறைக்குப் போனாள்.

"அவரு கோடு போடுறாரே சார்?"

செயலாளர் பேனாவை மூடினார். "அது அவங்க மைதானம்மா."

"அப்ப எங்களது எது?"

"உங்களுக்குத்தான் விட்டுக் கொடுத்திருக்கோமே. விருந்தாளி வந்து அலமாரியத் தொறந்து பாக்கலாமா?" அவர் குரலில் கோபமே இல்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. குழந்தைக்கு எடுத்துச் சொல்வது போலச் சொன்னார். பிறகு அதே குரலில், "கடைசி ஆட்டம் வரைக்கும் ஒழுங்கா இரு. இன்னொரு கோடு பாத்தேன்னா அடுத்த சீசன் உன் பேரு டீம்ல இருக்காது. உனக்குப் பின்னாடி ஒரு பொண்ணு உக்காந்துட்டுத்தான இருக்கு" என்றார்.

வீட்டில் அண்ணி துணி மடித்துக்கொண்டிருந்தாள். அண்ணன் மனைவி என்றாலும் அவளுக்குக் கூடப்பிறந்தவள் மாதிரி. வாய் மட்டும் அளவில்லாதது. முழுவதையும் கேட்டுவிட்டு ஒரு சட்டையை உதறினாள்.

"விருந்தும் மருந்தும் மூணு நாள்னு சொல்லுவாங்க. மாசக் கணக்கா ஆடுற உங்களப் போய் விருந்தாளின்னா, அந்த ஆளுக்குக் கணக்கும் வரல, வெக்கமும் வரல."

"என்ன செய்யட்டும் அண்ணி? என்னத் தூக்கிட்டா?"

"ஒதுங்கி நின்னு தோத்தா மட்டும் தூக்கி வச்சுக் கொஞ்சுவானா?"

தாழ்ப்பாள் சிரித்தாள்.

கடைசி ஆட்டம் வந்தது. தோற்றால் இரண்டாம் பிரிவு, பழையபடி பின்பக்கத்துப் பொட்டல். சமன் செய்தால் போதும், முதல் பிரிவிலேயே இருக்கலாம். எதிரே வந்தது பட்டியலில் மேலே இருக்கிற அணி. காலையில் மழை பெய்து தரை ஊறியிருந்தது.

சுண்ணாம்பு அறையில் கையுறையை மாட்டிக்கொண்டே தாழ்ப்பாள் கோச்சக்காவிடம் சொன்னாள். "அக்கா, இன்னிக்குக் கோடு போடப் போறேன்."

கோச்சக்கா கண்ணைத் தேய்த்துக்கொண்டார். அடுத்த சீசன் என்ன ஆகும் என்பது இரண்டு பேருக்கும் தெரியும். "எனக்கு வயசாயிடுச்சு. தூரப் பார்வ சரியில்ல" என்றார். கண்ணாடிக் கடைக்காரியிடமே அப்படிச் சொன்னார்.

அவள் கோலின் நடுவில் போய் நின்றாள். குதிகாலை அழுத்தினாள். இழுத்தாள். ஈர மண் வழிவிட்டது. செயலாளர் ஓடி வருவார் என்று மாடத்தைப் பார்த்தாள். அவர் அங்கே இல்லை. கிளப்பின் தலைவர் அன்றைக்கு முதல்முறையாகப் பெண்கள் ஆட்டத்துக்கு வருவதாகச் சொல்லியிருந்தார். வரவேற்கச் செயலாளர் வாசலில் நின்றார். தலைவர் தாமதித்தார். செயலாளர் நின்றுகொண்டே இருந்தார். இடைவேளைக்குப் பிறகு பக்கம் மாறியதும் தாழ்ப்பாள் அந்தக் கோலிலும் ஒரு கோடு இழுத்தாள். அப்போதும் செயலாளர் வாசலில்தான் நின்றார்.

அன்றைக்கு அவள் ஆடியதைப் பார்த்தவர்கள் அப்புறம் பல நாள் பேசினார்கள். பெரிதாகப் பறக்கவில்லை, விழுந்து புரளவில்லை. பந்து வரும் இடத்தில் முன்கூட்டியே நின்றாள், அவ்வளவுதான். ஆட்டம் முடியும் நேரத்தில் எதிரணியின் முன்வரிசைக்காரி ஒருத்தி தடுப்பாட்டக்காரிகளைத் தாண்டித் தனியாக வந்தாள். அவள் எப்போதும் தனக்குக் கிட்டே இருக்கிற கம்பத்தின் பக்கம்தான் அடிப்பாள். தாழ்ப்பாள் ஒரு கணம் குனிந்து கோட்டைப் பார்த்தாள். அரை அடி இடதுபக்கம் நகர்ந்தாள். பந்து அவள் நெஞ்சிலேயே வந்து இடித்தது. இரண்டு கையாலும் அதைக் கட்டிக்கொண்டு சேற்றில் படுத்துவிட்டாள். விசில் ஊதும்போது இரண்டு பக்கமும் கோல் இல்லை.

அணி மொத்தமும் அவள் மேல் வந்து விழுந்தது. அழுதார்கள், சிரித்தார்கள். கோச்சக்கா ஒரு ஓரமாக நின்று மூக்கைத் துடைத்துக்கொண்டார். சரியாக அந்த நேரத்தில்தான் தலைவர் உள்ளே வந்தார். பளபளக்கிற காலணி, பக்கத்தில் செயலாளர், பின்னால் புகைப்படக்காரர். மைதானத்தின் நடுவில் ஒலிவாங்கியைக் கொண்டுவந்து வைத்தார்கள்.

"நம்ம பொண்ணுங்களோட ஒழுக்கத்தப் பாருங்க" என்று தலைவர் தொடங்கினார். "ஒரு சீசன் முழுக்க இங்க ஆடியிருக்காங்க. புல்லுல ஒரு கீறல் இல்லைன்னு செயலாளர் சொன்னாரு. வந்த எடம் தெரியாம இருந்துட்டுப் போறதுதான் நல்ல விருந்தாளிக்கு அழகு. எல்லாரும் ஒரு தடவ கை தட்டுங்க."

கை தட்டினார்கள்.

தாழ்ப்பாளின் முழங்கையைக் கோச்சக்கா கிள்ளினார். சும்மா இரு என்று அர்த்தம். அவளுக்கும் அது தெரியும். கோட்டை யாரும் பார்க்கவில்லை. வாயை மூடிக்கொண்டு நின்றால் அவள் இடம் அவளுக்கு, அடுத்த சீசனும் அவளுக்கு. ஆனால் அவளால் அப்படி நிற்க முடியவில்லை. திட்டினால்கூடப் பொறுத்திருப்பாள். தடம் தெரியாமல் இருந்ததற்குப் பாராட்டுகிறார்கள். ஒரு அணியைக் கீழே விழாமல் பிடித்து நிறுத்தியதற்கு அல்ல, புல்லுக்கு வலிக்காமல் நடந்ததற்கு.

அவள் நேரே தலைவரிடம் போனாள். "ஐயா, ஒரு நிமிஷம் அப்படி வாங்களேன்" என்று கோலைக் காட்டினாள். படம் எடுக்கத்தான் கூப்பிடுகிறாள் என்று நினைத்து அவர் மகிழ்ச்சியோடு நடந்தார். புகைப்படக்காரர் பின்னாலேயே ஓடினார். செயலாளருக்கு மட்டும் பாதி வழியிலேயே முகம் கறுத்தது.

"இது என்னம்மா?" என்று தலைவர் குனிந்து பார்த்தார்.

"கோடுங்கய்யா. நான் போட்டது. அந்தப் பக்கமும் ஒண்ணு இருக்கு. இதனாலதான் இன்னிக்கு நாம கீழ எறங்கல. ஆட்டத்த நீங்க யாராவது பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும்."

"ஏம்மா, அடுத்த சீசன யோசிச்சுப் பேசு" என்றார் செயலாளர், பல்லிடுக்கில்.

"யோசிச்சுட்டுத்தான் சார் கூட்டிட்டு வந்தேன்." அவள் தலைவர் பக்கம் திரும்பினாள். "நாங்க விருந்தாளி இல்லைங்கய்யா. இந்தக் கிளப்புல முதல் பிரிவுல ஆடுறது நாங்க மட்டும்தான்."

மாடத்தில் கொஞ்சம் பேர் எழுந்து நின்று பார்த்தார்கள். பின்னால் காலடிச் சத்தம் கேட்டது. தாழ்ப்பாள் திரும்பாமலே புரிந்துகொண்டாள், அணி மொத்தமும் வந்து நிற்கிறது. கோச்சக்காவின் மூச்சு அவளுக்கு மிகப் பக்கத்தில் கேட்டது.

தலைவர் கேமராவைப் பார்த்துச் சிரித்தார். பிறகு, ஏதோ சின்ன விஷயத்தைச் சரிசெய்கிறவர் போல, பளபளத்த காலணியால் கோட்டைத் தேய்த்தார். ஈர மண் குழைந்து காலணியில் ஏறியது. இன்னொரு முறை அழுத்தித் தேய்த்தார். கோடு போகவில்லை. இன்னும் கொஞ்சம் அகலமாயிற்று.