சாம்பிள் தண்ணி

இந்துமதி கேட்டைத் திறந்ததுமே, "மறுபடியும் தண்ணி டெஸ்ட்டுங்களா?" என்று கொட்டாவி விட்டார் பொன்னுச்சாமி. சாயப்பட்டறைகள் சூழ்ந்த மண்ணரைப் பகுதியில் அவருக்கு ஒரு பனியன் கம்பெனி. அதன் பின்னால் வரிசையாக வாடகை வீடுகள். எல்லா வீட்டுக்கும் ஒரே போர்வெல்.

கல்லூரியில் வேதியியல் நடத்துகிற இந்துமதிக்குத் தெருவில் வீடு வீடாக ஏறி இறங்கிச் சொல்லிக் கால் ஓய்ந்துவிட்டது. அவளுடைய துறைத்தலைவர் வேலுமணி, இந்தத் தெருத் தண்ணீர் குடிக்க ஏற்றது என்று போன வருடம் ஆராய்ச்சிக் கட்டுரை எழுதி, பேப்பரில் போட்டோவோடு வந்தவர். இவள் சும்மா ஒரு பாட்டில் பிடித்துப் பரிசோதித்தாள். சாயக்கழிவு!

"அந்தக் கட்டுரை தப்புங்க. இதைக் குடிக்காதீங்க."

"போன வருசம் நல்லதுன்னீங்க, இப்பக் கெட்டதுங்கறீங்க. அடுத்த வருசம் மருந்தும்பீங்களா?"

"சார் அன்னிக்கு இந்தப் போர்லதானுங்க பிடிச்சாரு?"

"இல்லீங்க. சாம்பிள் வேணும்னாரு. கேன் தண்ணி ஊத்திக் குடுத்தனுங்க."

"கேன் தண்ணியா!"

"பின்னே? வெள்ளைக்காரனுக்கு சாம்பிள் பீஸ் அனுப்பறப்ப, தனியா நல்ல டெய்லரை வெச்சுத்தானுங்க தைப்போம். சாம்பிள்னா நல்லதைத்தானே குடுக்கோணும்?"

"சாருக்குத் தெரியுங்களா?"

"சொன்னனுங்க. சிரிச்சாரு. 'மத்த வீட்டுப் பாட்டிலுக்கும் இதையே ஊத்திருங்க'ன்னாரு. பாவம், நல்ல வெயிலு."

இந்துமதிக்குக் கோபம்கூட வரவில்லை. சுவரில் சாய்ந்துகொண்டாள்.

குழாயடியில் குடம் பிடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள் வேல்விழி. உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து வந்து அந்தக் கம்பெனியிலேயே தைப்பவள். இடுப்பில் கைக்குழந்தை.

"கேன் தண்ணிதான்க்கா வாங்கிக்கிட்டிருந்தோம். பேப்பர்ல போட்டதப் பாத்துத்தான் விட்டோம். அப்ப வேணாங்கிறீகளா?"

"வேண்டாம்மா. குழந்தைக்குக் கண்டிப்பா வேண்டாம்."

"அந்த சாரு எங்க முன்னாடியே ஒரு டம்ளர் குடிச்சுக் காட்டுனாரு. நீங்க என்னத்தக் காட்டுவீக?"

ஆகாது என்பதை எதைக் குடித்துக் காட்டுவது? இந்துமதியின் கையில் இருப்பது ஒரு பரிசோதனை முடிவுத்தாள். வேலுமணியிடமும் அதுதான் இருந்தது, இதைவிட அழகாக, முத்திரையோடு.

"ரெண்டு பேரும் ஒரே காலேசுதான?"

"ஆமாம்."

"அப்ப ஒங்களுக்குள்ள பேசி ஒரு முடிவுக்கு வாங்கக்கா. நான் புள்ளைக்குப் பால்மாவு கரைக்கணும்."

நிறைந்த குடத்தைத் தூக்கிக்கொண்டு போனாள். வாசலில் நின்று, போனால் போகிறது என்பதுபோல, "காய்ச்சியே குடுக்குறேன், சரிதான?" என்றாள்.

"காய்ச்சினாலும் போகாதும்மா!"

கதவு சாத்திக்கொண்டது.