எதிரே வந்த வெளிச்சம்

மார்கழி பிறந்துவிட்டால் ஓசூரை அடுத்த ஜூஜுவாடியில் காலை ஆறரை வரை எதிரே வருவது ஆளா வண்டியா என்று தெரியாது. அப்படிப்பட்ட பனியில்தான் டேனி தினமும் ஐந்து மணிக்கு முன்பே சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பினான்.

டேனி சிப்காட்டில் கியர் தயாரிக்கும் கம்பெனி ஒன்றில் மிஷின் ஆபரேட்டர். ஜனவரி கடைசியில் ஓசூரிலிருந்து கன்னியாகுமரி வரை சைக்கிளில் போவதாக அறிவித்திருந்தான். எல்லாம் மாதேஸ்வரனுக்காக. பக்கத்து மிஷினில் பத்து வருடம் நின்ற நண்பன் அவன். போன ஏப்ரலில் சர்வீஸ் ரோட்டில் எதிர்த் திசையில் வந்த சரக்கு ஆட்டோ ஒன்று, பைக்கில் போன மாதேஸ்வரனின் வலது காலை முழங்காலுக்குக் கீழே நசுக்கிவிட்டது. ஆட்டோ நிற்கவே இல்லை.

அவனுக்குச் செயற்கைக் கால் வாங்க, டேனி மிதிக்கும் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் தங்களால் முடிந்ததைத் தருவதாகக் கம்பெனியில் ஆளாளுக்குப் பெயர் கொடுத்தார்கள். கேன்டீன்காரர்கூடக் கொடுத்தார். பாதி வழியில் விழுந்துவிடக் கூடாதே என்று டேனி தினமும் முப்பது கிலோமீட்டர் பயிற்சி எடுத்தான். நல்ல மனசுதான், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

குறை கடைசி ஒரு கிலோமீட்டரில் இருந்தது. முறைப்படி வீடு திரும்ப வேண்டுமானால் நெடுஞ்சாலைப் பாலம் வரை போய்ச் சுற்றி வர வேண்டும். கம்பெனி பஸ்ஸோ ஆறரைக்கு வந்துவிடும். அதனால் சர்வீஸ் ரோட்டில் எதிர்த் திசையிலேயே வந்துவிடுவான். கன்னியாகுமரி வரை மிதிக்கத் துணிந்த மகராசனுக்கு ஒரு பாலத்தைச் சுற்ற மனசு வரவில்லை!

"எல்லாரும்தான் அப்படி வர்றாங்க," என்பான், மனைவி வின்சி கேட்டால்.

"உனக்காக நான் ஜெபம் பண்றேன். உன் எதிர்ல வர்றவங்களுக்காக யாரு பண்றது?" என்று அவள் ஒருமுறை கேட்டாள். அவன் சாக்ஸ் தேடுவதுபோல் உள்ளே போய்விட்டான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாதேஸ்வரன் வீட்டுக்குப் போனபோது அவன் மனைவி முனிலட்சுமியும் அந்த ரோட்டைப் பற்றித்தான் சொன்னாள். கணவன் வேலைக்குப் போக முடியாமல் ஆனதிலிருந்து அவள் ரோஜாப் பண்ணையில் பூ வெட்டப் போகிறாள். அந்த வீட்டில் அடுப்பு எரிவதே அவள் கூலியில்தான்.

"நானும் ஆறு மணிக்கு அந்த ரோட்டுலதான்ணா மொபெட்ல வர்றேன். பனியில ஒண்ணுமே தெரிய மாட்டேங்குது. பாத்து வாங்க."

டேனி சிரித்தபடி சைக்கிளின் முன்விளக்கைத் தட்டிக் காட்டினான். அது வெள்ளையாக மினுக் மினுக்கென்று மின்னியது. "இது அர கிலோமீட்டருக்குத் தெரியும்மா. பயப்படாத."

செவ்வாய்க்கிழமை, பனிக்குள்ளிருந்து ஒரு லாரி திடீரென்று முளைத்து, அவனுக்கு ஒரு முழம் முன்னால் கிறீச்சிட்டு நின்றது. "ஏய், கண்ணு காணல்வா?" என்று டிரைவர் கன்னடத்தில் கத்தினார். வியாழக்கிழமை ஒரு பால்காரர் மயிரிழையில் தப்பினார். இரண்டையும் டேனி வின்சியிடம் சொல்லவில்லை. தப்பியதெல்லாம் தன் சாமர்த்தியம் என்று நினைத்துக்கொண்டான்.

சனிக்கிழமை பனி இன்னும் கெட்டியாக இருந்தது. சாக்கடை ஓரமாக வேகமாக வந்துகொண்டிருந்தான். திடீரென்று ஒரு மஞ்சள் வெளிச்சம் நேர் எதிரே வந்தது. டேனி ஹேண்டிலைத் திருப்பினான். அந்த வெளிச்சமும் திரும்பியது, உடனே காணாமல் போனது. இரும்பு உரசும் சத்தமும், எதுவோ தொப்பென்று விழும் சத்தமும் கேட்டன.

அவன் காலை ஊன்றி நின்றான். திரும்பிப் பார்த்தால் வெறும் வெள்ளை. ஒரு குரல் கொடுத்திருக்கலாம், பத்தடி நடந்திருக்கலாம். மணி ஆறு பதினைந்து. பால் கேன் ஏதாவது விழுந்திருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு பெடலை மிதித்தான். அன்று போனில் முப்பத்தொரு கிலோமீட்டர் காட்டியது. அவனுக்குச் சந்தோஷம் வரவில்லை.

பத்து மணிக்கு மாதேஸ்வரன் போனில் கூப்பிட்டான். "முனிலட்சுமி வண்டியோட விழுந்துட்டாடா. ஆஸ்பத்திரிக்குக் கொஞ்சம் வர்றியா?"

டேனி கம்பெனியில் பெர்மிஷன் சொல்லிவிட்டுக் கிளம்பினான். அவளாக இருக்கக் கூடாது, வேறு எங்காவது விழுந்திருக்க வேண்டும் என்று வழியெல்லாம் வேண்டிக்கொண்டு போனான்.

முனிலட்சுமியின் வலது கை தோள்வரை மாவுக்கட்டில் இருந்தது. கட்டிலருகே மாதேஸ்வரன் ஊன்றுகோலில் சாய்ந்து நின்றான்.

"மினுக் மினுக்குனு ஒரு வெள்ள லைட்டுண்ணா," என்றாள் அவள். "நேரா என் மேல வந்துது. ஒடிச்சேன், சாக்கடையில விழுந்துட்டேன். வந்தவன் நின்னான்ணா. செயின் சத்தம் நின்னுது. காப்பாத்த வர்றான்னு நெனச்சேன். அப்புறம் அந்தச் சத்தம் தள்ளிப் போயிடுச்சு."

"பூ வெட்டுற கை. மூணு மாசம் தூக்கக் கூடாதாம்," என்றான் மாதேஸ்வரன்.

டேனி நினைத்திருந்தால் வாயை மூடிக்கொண்டு வந்திருக்கலாம். பனியைத் தவிர சாட்சி இல்லை. ஆனால் அவளை நிமிர்ந்து பார்க்க அவனால் முடியவில்லை.

"அது நான்தான்," என்றான். "ராங் சைடுல வந்தவனும் நான்தான், நிக்காம போனவனும் நான்தான். ஸ்டேஷன்லயும் நானே போய்ச் சொல்லிடுறேன்."

முனிலட்சுமி முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். மாதேஸ்வரன் ஊன்றுகோலை நகர்த்தி டேனியின் பக்கம் திரும்பினான். பேசியபோது குரலில் கோபம்கூட இல்லை.

"என் கால எடுத்த ஆட்டோக்காரன் ஒரு ராட்சசன்னு இத்தன நாளா நெனச்சிட்டு இருந்தேன்டா. இல்ல போல. அவனும் உன்ன மாதிரி நல்லவனாத்தான் இருந்திருப்பான். அவனுக்கும் ஏதோ அவசரம், சுத்திட்டு வர சோம்பேறித்தனம். நீ எனக்காகக் கன்னியாகுமரி வரைக்கும் போக வேணாம். அந்தப் பாலம் வரைக்கும் போய்ச் சுத்திட்டு வா. ஊர்ல எல்லாரும் அத மட்டும் பண்ணாப் போதும், யாருக்கும் யாரும் வசூல் பண்ணிக் கால் வாங்கித் தர வேண்டி இருக்காது."