ஓபதியாவின் வலது கால்

அந்தச் செருப்பைக் கழற்றிவிட்டால் ரெய்னாவுக்கு விடுதலை. பிள்ளையில்லாமல் செத்தவனின் மனைவியை அவன் தம்பி கட்டிக்கொள்ள வேண்டும். மாட்டேன் என்றால் ஐந்து பெரியவர்கள் முன்னால் அவன் காலை ஊன்றி நிற்க, அவள் வாரை அவிழ்த்துச் செருப்பை உருவித் தரையில் துப்ப வேண்டும். ஸஃபேத் ஊரின் யூதத் தெருக்களில் அதுதான் சட்டம். துப்பினால் தீர்ந்தது.

செருப்பைக் கழற்ற விடுவதாகக் கொழுந்தன் ஓபதியா வாக்குக் கொடுத்திருந்தான். "நீங்க பட்டது போதும் அண்ணி." கம்பளிக்குச் சாயம் தோய்த்துவந்த, இப்போது செத்துப்போன அண்ணன் ஷெமாயாவிடம் அவனும் அடி வாங்கி வளர்ந்தவன்தான். ரெய்னாவின் வலது கையில் மடங்காத இரண்டு விரல்கள் ஷெமாயா ஒடித்தவை. கதவிடுக்கில் நசுங்கியது என்று சொல்லியிருந்தாள். ஊரும் நம்பியதாகக் காட்டிக்கொண்டது.

ஜெபக்கூட முற்றத்தில் காலை வெயில். ரெய்னா குனிந்தாள். முதல் முடிச்சு அவிழ்ந்தது. இரண்டாவது முடிச்சு விரலில் சிக்காமல் வழுக்கியது.

"எவ்வளவு நேரம்மா?" என்றார் மூத்த பெரியவர்.

"விரலை ஒடிச்சவரைக் கூப்பிடுங்க. அவரே வந்து அவிழ்க்கட்டும்."

ஒருவர் சிரித்துவிட்டார். அப்போதுதான் அந்தக் கறுப்பு நாய் உள்ளே வந்தது. ஷெமாயா செத்த நாளிலிருந்து ஓபதியாவின் வாசலில் கிடக்கிற நாய். நேராக வந்து அவன் காலடியில் படுத்தது.

ஓபதியா காலை இழுத்துக்கொண்டான். "கூப்பிட்டீங்க அண்ணி. அண்ணன் வந்துட்டான்."

"அது கறிக்கடை நாய், ஓபதியா."

"மனுஷ உடம்பில்லாம நாயா அலையிறான். நான்தான் குடுக்கணும். நம்ம பிள்ளையா வரணும்னு கேக்கிறான்."

பிள்ளையில்லாதவனின் உயிர், தம்பியின் மூலம், அதே மனைவியின் வயிற்றில் திரும்பிப் பிறக்கும். அந்த ஊரில் பால் குடிக்கிற குழந்தைக்கும் தெரிந்த சங்கதி. ரெய்னாவுக்கும் தெரியும்.

"என்னை ஒடிச்சவனுக்கு நான் பால் குடுக்கணுமா? அவன் என்னை அம்மான்னு கூப்பிடணுமா?"

"அதுதாம்மா அவனுக்குப் பிராயச்சித்தம்," என்றார் பெரியவர்.

"எனக்கு?"

அவர் தாடியைத் தடவினார். "கால் அவனோடது. தர மாட்டேங்கிறவன் காலை நாங்க பிடிச்சு இழுக்க முடியாது."

அவன் காலைத் தராதவரை அவள் வேறு யாருக்கும் மனைவியாக முடியாது. அவனைக் கட்டலாம், அல்லது சாகிறவரை இப்படியே கிடக்கலாம். அவளிடம் யாரும் கேட்கவில்லை. அவள் அவ்வளவு பாடுபட்டு அவிழ்த்த முதல் முடிச்சை ஓபதியா அழுதுகொண்டே திரும்பக் கட்டினான். "மன்னிச்சிருங்க அண்ணி, எனக்கு அவன்னா இப்பவும் பயம்."

பெரியவர்கள் எழுந்து போனார்கள். ரெய்னா தரையிலேயே உட்கார்ந்திருந்தாள். நாய் எழுந்து அவளிடம் வந்தது.

வெறும் நாய். விரட்டத்தான் கையை ஓங்கினாள். கை நாயின் பக்கம் போகவில்லை. ஷெமாயாவோடு வாழ்ந்த ஆறு வருடப் பழக்கத்தில் தானாக மடங்கி அவள் முகத்தை மறைத்துக்கொண்டது.