அக்காவின் பழைய ஹார்ட் டிஸ்க்

அக்கா பறவைகளின் குரலைப் பதிவு செய்கிறவள். பதினோரு வருடம் ஏரிக்கரையில் மைக்கை நீட்டிக்கொண்டு உட்கார்ந்து சேர்த்ததெல்லாம் ஒரே ஹார்ட் டிஸ்க்கில் இருந்தது. அது பழசாகிவிட்டதே என்று தம்பியிடம் யோசனை கேட்டாள். தம்பிக்கு ஒரு நிறுவனத்தின் சர்வர் அறையில் வேலை. செத்த டிஸ்க்கைக் கழற்றிப் புதிது மாட்டுவதே அவன் பிழைப்பு.

"எஸ்எஸ்டின்னு புது மாதிரி டிஸ்க் இருக்கு, அதுக்கு மாத்திடுக்கா. உள்ள சுத்தற பாகமே கிடையாது. கீழ விழுந்தாலும் ஒண்ணும் ஆகாது" என்றான்.

அவனே எல்லாவற்றையும் மாற்றிக் கொடுத்தான். பழையதை அப்படியே உன் வீட்டில் பத்திரமாக வைத்திரு என்றாள் அக்கா. தலையாட்டினான். வீட்டில் சோதித்துப் பார்த்தால் டிஸ்க் கல்லுக்குண்டு மாதிரி இருந்தது. சும்மா தூங்குவானேன் என்று அழித்துவிட்டு, வீட்டிலுள்ளவர்களின் போன் படங்களும் வீடியோக்களும் தானாக வந்து சேரும்படி மாட்டிவிட்டான்.

மாற்றிய எட்டாம் மாதம் ஒரு காலை, எஸ்எஸ்டி கம்ப்யூட்டரின் கண்ணிலேயே படவில்லை. ஹார்ட் டிஸ்க் என்றால் நாலு நாள் முன்பே முனகியிருக்கும். இது மூச்சுக் காட்டாமல் போய்விட்டது. தெரிந்த வித்தையெல்லாம் செய்து பார்த்துத் தம்பி ஓய்ந்தபோது அக்கா கேட்டாள்: "பழசு உங்கிட்டதானே இருக்கு?"

"அதுவும் போன மாசமே போயிடுச்சுக்கா."

எப்படி வாயில் வந்தது என்று அவனுக்கே தெரியவில்லை.  "விடு, நீ என்ன பண்ணுவ" என்று அக்கா அவன் முதுகைத் தட்டினாள்.

 தம்பிக்கு மூன்று வாரம் சோறு இறங்கவில்லை. அக்கா மூட்டுவலியோடு மறுபடி ஏரிக்குப் போகத் தொடங்கிவிட்டாள் என்று மனைவி சொன்ன அன்று, டிஸ்க்கைப் பிடுங்கி எடுத்துக்கொண்டு ஓடினான்.

"இது கெட்டுப்போகலக்கா. நான்தான் அழிச்சேன்."

அக்கா திட்டவில்லை. "அன்னைக்கே ஏன் சொல்லல?" என்று மட்டும் கேட்டாள்.

அழிந்ததை மீட்டெடுக்கும் கடைக்காரர் ஒருவரிடம் இருவரும் போனார்கள். பத்து நாளில் ஏழு வருடப் பதிவு திரும்பி வந்தது. மீதி நாலு வருடத்தின் மேல் வேறு படங்கள் ஏறிவிட்டன என்றார் அவர். "கடைசி மூணு வாரத்துப் படம் ஏறாம இருந்திருந்தா இன்னும் ஒரு வருஷம் கெடச்சிருக்கும்."

தம்பிக்கு அது தெரியாததல்ல. டிஸ்க்கைக் கழற்றினால் ஏன் என்று மனைவி கேட்பாள் என்றே அதைத் தொடாமல் இருந்தான். அக்கா பக்கத்தில்தான் நின்றிருந்தாள். அவன் தலை நிமிரவில்லை.

பிறகு அக்கா கடைக்காரரிடம் கற்றுக்கொண்டு தானே மூன்று பிரதி எடுத்தாள். எப்போதும்போல் ஞாயிற்றுக்கிழமை அவனைச் சாப்பிடக் கூப்பிட்டாள். குழந்தையின் இருமலை விசாரித்தாள். நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அவனுக்கு. பிரதிகளை யார் வீட்டில் வைத்திருக்கிறாள் என்று அவன் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.