பதினேழுக்கும் பதினெட்டுக்கும் நடுவே

எருமப்பட்டிக்குக் கிழக்கே ஒரு கருப்பனார் கோயில். அங்கே அருள்வாக்குச் சொல்லும் சென்றாயன் மேல் பதினோரு வருஷமாகச் சாமி வரவில்லை. இது சென்றாயனுக்கு மட்டும்தான் தெரியும். ஊருக்காக அவர் அமாவாசை தவறாமல் ஆடிக்கொண்டிருந்தார். உடம்பை உதறுவார், கண்ணைச் செருகுவார், நாலு பேருக்கு வாக்குச் சொல்வார். மழை பற்றிச் சொன்னது ஒருதரம்கூடப் பலித்ததில்லை. பழியை ஊரார் மேகத்தின் மேல் போட்டுவிட்டார்கள்.

அப்படியிருக்க, சேலத்திலிருந்து சௌந்தர்யா என்ற ஆராய்ச்சிக்காரப் பெண் வந்தாள். அருள் வரும்போது மனசு எங்கே போகிறது என்று பார்க்கிற படிப்பாம். கையில் முப்பது கேள்வி. பெட்டியில் முப்பத்திரண்டு ஒயர் வைத்த ரப்பர் தொப்பி.

"பொய்யா ஆடுனா இதுல தெரியுமுங்களா, அம்மிணி?" என்று கேட்டார் சென்றாயன்.

"தெரியுங்க. கோடு வேற மாதிரி வரும்."

சென்றாயனுக்குத் தொடை நடுங்கியது. பூசாரி கைலாசம் அதைக் கவனித்துவிட்டார். "பாத்தீங்களா, தொப்பி மாட்டறதுக்கு முன்னயே எறங்குது!" என்று உடுக்கையைக் கையில் எடுத்தார்.

உச்சிவெயிலில், ஊர் கூடி நிற்க, தலையில் தொப்பியோடு ஆட்டம் தொடங்கியது. மனதுக்குள் எண்ணிக்கொண்டே உதறுவது சென்றாயனின் வழக்கம். நூறு எண்ணினால் வாக்குச் சொல்லலாம். பதினேழு வரை எண்ணியது அவருக்கு நினைவிருக்கிறது. பதினெட்டு என்று எண்ணும்போது வெயில் சாய்ந்திருந்தது.

வெளுத்த முகத்தோடு சௌந்தர்யா செல்போனை நீட்டினாள். படத்தில் சென்றாயனின் வாய் அசைந்தது. குரல் அவருடையதல்ல, கிணற்றுக்குள் பாறையை உருட்டியது போலிருந்தது.

"இவன் பதினோரு வருசமா எம்பேரச் சொல்லிப் பொய்யாடறான். அடுத்த அமாவாசைக்கு வாரேன். வந்தாத் திரும்பிப் போவமாட்டேன்."

"கேட்டீங்கல்லோ? நான் பொய்யனுங்க! சாமியே சொல்லிருச்சு, என்னைய உட்டுருங்க!" என்று கதறினார் சென்றாயன்.

"ஏப்பா, நீ பொய்யனுன்னு சொல்றதுக்கே சாமி உம்மேலதான வந்துச்சு? அப்ப நீ நெசந்தான்," என்றார் கைலாசம்.

ஊர் தலையாட்டியது. கைலாசம் மஞ்சள் முடிந்த காப்புக் கயிற்றைச் சென்றாயனின் மணிக்கட்டில் கட்டினார். காப்புக் கட்டியவன் அமாவாசை நோம்பித் திருவிழா முடியும்வரை ஊரெல்லையைத் தாண்டக் கூடாது. அமாவாசைக்கு ஒன்பது நாள் இருந்தது.

மறுநாள் காலை, புறப்படவிருந்த சௌந்தர்யாவின் காரை மறித்து நின்றார் சென்றாயன்.

"அம்மிணி, எனக்குக் கிறுக்குன்னு எழுதிக் குடுங்க. மாத்தரை குடுங்க, ஊசி போடுங்க. அது மறுக்கா வரக்கூடாதுங்க, சாமி!"

"சாமியெல்லாம் இல்லைங்க. பதினோரு வருஷம் மறைச்சு வச்ச பயந்தான் பேசுது. சேலத்துல டாக்டரப் பாத்தாச் சரியாயிடும், ஏறுங்க."

மனைவி சின்னாயி பின்னாலேயே ஓடிவந்தாள். "ஏனுங்க, காப்போட எல்ல தாண்டாதீங்க!"

சென்றாயன் கயிற்றைப் பல்லால் கடித்து அறுத்து வீசிவிட்டு ஏறிக்கொண்டார். கோழிப்பண்ணைகளைத் தாண்டி வண்டி ஓடியது. எல்லைக்கல் தெரிந்ததும், எதற்கும் இருக்கட்டுமென்று, தோள்துண்டைச் சுருட்டித் தொண்டைவரை திணித்துக்கொண்டார்.

குரல் அப்படியும் வந்தது.

"வண்டியத் திருப்பு, அம்மிணி."

மனசைப் பற்றி எட்டு வருஷம் படித்தவள் சௌந்தர்யா. மறுபேச்சில்லாமல் திருப்பினாள்.