மலர்வளையத்தில் இருந்த பெயர்

பாரிஸ் புறநகரான பொபினியில் இருந்த இராஜதுரை மாரடைப்பில் போய்விட்டார் என்று கேட்டதும் உதயனுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அழக்கூடத் தோன்றவில்லை. செத்தவருடைய பெயரில்தான் அவன் ஏழு வருடமாகப் பிழைத்துக்கொண்டிருந்தான்.

2009இல் பிரான்சில் வந்து இறங்கியவனின் அகதி விண்ணப்பத்தைத் தள்ளிவிட்டார்கள். விசா இல்லாதவனுக்கு யார் வேலை கொடுப்பார்? தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில் கண்டு பழகிய இராஜதுரைதான், "என்ர கார்ட்டில செய் தம்பி. வெள்ளையளுக்கு எங்கட முகமெல்லாம் ஒண்டுதான்" என்று தன் வதிவிட அட்டையைக் கொடுத்தார்.

மதாம் தெரேஸின் உணவகத்தில் கோப்பை கழுவத் தொடங்கினான். வெங்காயம் உரித்தான், சோஸ் கிண்டினான். பழைய ஷெஃப் ஓய்வுக்குப் போனபோது அடுப்படியே அவன் கைக்கு வந்துவிட்டது; ஷெஃப் என்ற பதவி மட்டும் இன்னும் கிடைக்கவில்லை. ஒருமுறை பானை நிறைய சூப்பில் உப்பைக் கொட்டிவிட்டு, யாரும் ருசி பார்க்குமுன் தானே போய்ச் சொன்னவன் அவன். "எங்கள் இராஜதுரைக்குப் பொய் சொல்லவே தெரியாது" என்று மதாம் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் பெருமையடிப்பார். கேட்கும்போதெல்லாம் உதயனுக்கு நெஞ்சில் முள் குத்தும்.

இனி எந்த முகத்தோடு வேலைக்குப் போவது? கைத்தொலைபேசியை அணைத்துவிட்டுச் செத்தவீட்டு வேலைகளில் தலையைக் கொடுத்தான்.

தகனத்தன்று மண்டப வாசலில் வருவோரைக் கைகூப்பி வரவேற்றுக்கொண்டிருந்தான். ஒரு வாகனம் வந்து நின்றது. கறுப்பு உடுப்பில் மதாம் இறங்கினார். பின்னால் அடுப்படி ஆட்கள் அத்தனை பேரும், அழுது சிவந்த கண்களோடு.

உதயனுக்கு விஷயம் விளங்கிவிட்டது. லா சப்பலிலிருந்து மரக்கறி கொண்டுவருபவர், பொபினி இராஜதுரை செத்துப்போனார் என்று உணவகத்தில் சொல்லிவிட்டிருக்கிறார். அவர்களுக்குத் தெரிந்த இராஜதுரை அவன் ஒருவன்தானே!

மதாம் அவனைக் கண்டார். கையிலிருந்த மலர்வளையம் நழுவிக் கீழே விழுந்தது. அதன் நாடாவில் பொன்னெழுத்தில் இருந்தது: 'எங்கள் புதிய ஷெஃப் இராஜதுரைக்கு.'

ஷெஃப்! தனக்குக் கிடைத்த பதவியைத் தன் சாவுக்கு வந்த பூவிலா பார்க்கவேண்டும்?

பிரெஞ்சில் எல்லாவற்றையும் கொட்டிவிட்டான். "மன்னியுங்கள் மதாம். இனி நான் வரமாட்டேன்."

பளாரென்று கன்னத்தில் விழுந்தது. கூடியிருந்த சனம் திகைத்துப்போய்ப் பார்த்தது. அறைந்த கையாலேயே அவனை இழுத்துக் கட்டிக்கொண்டு மதாம் விம்மினார். "உனக்காக எவ்வளவு அழுதேன் தெரியுமா?"

பிறகு வளையத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். பெட்டியில் கிடந்தவரையும் உதயனையும் மாறி மாறிப் பார்த்தார். மருந்துக்கும் ஒற்றுமையில்லை. நாடாவைக் கழற்றாமலே வளையத்தை இராஜதுரையின் காலடியில் வைத்தார்.

"பெயர் அவருடையதுதானே," என்றவர் திரும்பினார். "உன் பெயர் என்ன?"

"உதயன்."

"உதயன்," என்று சிரமப்பட்டுச் சொல்லிப் பார்த்தார். "நாளை காலையில் உன் பெயரில் விசா எடுக்க வக்கீலிடம் போகிறோம், உதயன். அதற்குப் பிறகு அடுப்படி."

அதுவரை ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவன், இராஜதுரையின் பெட்டியைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதான்.