மாற்று வைக்காத திட்டம்

தூணுக்கு இரண்டு கல்லூரிகளிலும் இடம் கிடைத்துவிட்டது. ஒன்றில் வணிக மேலாண்மை, மற்றதில் தொழில்நுட்ப மேலாண்மை. அலுவலகத்தில் எல்லோரும் கைகுலுக்கி, கொடுத்து வைத்தவன் என்றார்கள். எதில் சேர்வதென்று இன்றைக்குள் சொல்லியாக வேண்டும். கொடுத்து வைத்தவனுக்குக் காலையிலிருந்து சோறு இறங்கவில்லை.

எந்த முடிவையும் எடுக்காமல் நின்ற இடத்திலேயே நிற்பதால் அவனுக்குத் தூண் என்று பெயர். அலுவலகத்தின் கணினி சர்வர் அறையில் அவனோடு பத்து வருஷம் குப்பை கொட்டியவனுக்குக் கறார் என்று பெயர். இயந்திரம் விற்க வருகிறவர்கள் கறாரைப் பார்த்ததும் முதலில் தண்ணீர் கேட்பார்கள். இருவரும் வேலையை விட்டுவிட்டு, ஆளுக்கொரு படிப்பு முடித்துச் சொந்த நிறுவனம் தொடங்குவதாக ஏற்பாடு. "மெஷின் பக்கம் நீ படி, வியாபாரப் பக்கம் நான் படிக்கறேன். என் பக்கம் நீ தலை வச்சுப் படுக்காதே" என்று பங்கு பிரித்தவன் கறார்தான்.

அந்த அறையில் மாற்று இல்லாமல் ஒரு சர்வரைக்கூட ஓடவிட மாட்டார்கள். ஒன்று படுத்தால் இன்னொன்று எழுந்துகொள்ளும். அப்பேர்ப்பட்ட மேதாவிகள் தங்கள் சொந்தத் திட்டத்துக்கு மட்டும் மாற்று வைக்க மறந்துபோனார்கள். மழைக்காலத்தில் ஒரு மத்தியானம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த கறார் எழுந்திருக்கவில்லை.

அதன்பிறகுதான் தூண் இரண்டு படிப்புக்கும் விண்ணப்பித்தான். இன்று சாயங்காலம், கறாரின் மனைவியைப் பார்க்கப் படியேறினான்.

"வாங்கண்ணா. என்ன, முகமெல்லாம் பேயறைஞ்ச மாதிரி?"

"அவன் படிக்க இருந்ததையே நான் படிச்சிடலாம்னு பார்க்கறேம்மா."

அவள் சிரித்துவிட்டாள். அந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டு எத்தனையோ நாளாகியிருந்தது. இரண்டு பேருமே கொஞ்சம் திகைத்துப்போனார்கள்.

"நீங்க வியாபாரமா? விலையைக் குறைங்கன்னு கேட்டா, கூட ரெண்டு மெஷினையும் தூக்கிக் கொடுத்துட்டு வருவீங்கன்னு அவர் சொல்வார்."

"உண்மைதான். ஆனா யாராவது ஒருத்தர் அந்தப் பக்கத்தைப் பார்க்கணுமில்ல."

"எந்தப் பக்கத்தை?"

"நிறுவனத்தோட..."

அவள் துவைத்த துணியை மடிப்பதை நிறுத்தினாள். "நிறுவனம் எங்கண்ணா இருக்கு?"

தூண் சுவரைப் பார்த்தான். அலுவலகத்தில் கோளாறு என்றால் ஏதாவது ஒரு விளக்கு சிவப்பாக எரியும். இங்கே எதுவும் எரியவில்லை.

"அதைப் படிச்சா, அவன் கூடவே இருக்கற மாதிரி இருக்கும்னு..." என்றான்.

"எனக்கும் அப்படித்தான் இருக்கும்" என்றாள் அவள். "அதனாலதான் வேண்டாங்கறேன். ரெண்டு வருஷம் படிப்பீங்க, முடிச்சிட்டு வந்து நிப்பீங்க. அப்போ அவர் மறுபடியும் இருக்கமாட்டார். என்னால இன்னொரு தடவை முடியாதுண்ணா. உங்களுக்குப் பிடிச்சதைப் படிங்க."

அவன் தலையாட்டினான். செருப்பை மாட்டிக்கொண்டு பாதிப் படியில் நின்று வணிகக் கல்லூரிக்குப் போன் போட்டான். இடம் வேண்டாம் என்று சொன்னான். எடுத்த பெண் பொறுமைசாலி.

"காரணம் என்னன்னு போடட்டும் சார்? வேற நல்ல இடம் கிடைச்சிடுச்சா?"

"இல்லம்மா. கூட்டாளி செத்துட்டான்."

இத்தனை மாதத்தில் அந்த வார்த்தையை அவன் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை.

"சொந்தக் காரணம்னு போட்டுக்கறேன் சார்" என்றாள் அந்தப் பெண்.

"போட்டுக்கோம்மா" என்றபடி அங்கேயே படியில் உட்கார்ந்தான்.